அழகின் பெயரால் ஓர் ஆயுதம்

பழைய ரிவால்வர்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பது அமெரிக்க நாட்டில் மதிப்பிற்குரிய பொழுதுபோக்காகக் கருதப்படுகிறது. தபால்தலை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் போலத் தாமும் வரலாற்றின் காவலரே என்பது அச்சேகரிப்பாளர்தம் வாதம். அவர்கள் சேர்ப்பனவற்றுள் சிறப்பிடம் பெறுவன .44, .45 என்று அங்குல அளவால் பெயர் பெற்ற, ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் துளையுள்ள பெருங்குழல் ரிவால்வர்கள். "கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும் இவை யாரைக் கொல்லப் போகின்றன?" என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதாகவே ஒலிக்கிறது. அதனை ஆராய்ந்து பார்ப்பதும் நியாயமே.

முதலில் அவர்கள் பக்கத்து உண்மையை ஒப்புக்கொள்வோம். 1873-இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் நிறுவனத்தின் 'சிங்கிள் ஆக்சன் ஆர்மி' ரிவால்வரைக் கண்ட எவரும் அதன் வடிவ ஒழுங்கை மறுக்கமாட்டார். எலும்புத்தூளும் கரியும் இட்டு மூடிய பெட்டியில் காய்ச்சி, நீரில் தோய்த்தெடுத்த அதன் உடற்சட்டத்தில் நீலமும் பழுப்பும் சாம்பலும் மேகம்போல் கலந்து கிடக்கும். குழலிலோ இரவு வானின் ஆழ்ந்த நீலம். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்தால் நான்கு முறை மெல்லொலி எழும். நிறுவனப் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையே அது சொல்லுகிறது என்று ஆர்வலர் மகிழ்வர். 1955-இல் சிமித் அண்ட் வெசன் நிறுவனம் உருவாக்கிய .44 மேக்னம் ரிவால்வரின் இழைப்பும் மெருகும் இவ்வாறே போற்றப்படுகின்றன. அத்தொழிலாளர் கரங்களின் தேர்ச்சியை இகழ்வது அறியாமை.

ஆனால் சேகரிப்பாளர் அள்ளிக் கொடுக்கும் பணம் அத்தேர்ச்சிக்கு உரியதுதானா? சந்தையையே சாட்சிக்கு அழைப்போம். 1881-இல் நியூ மெக்சிகோவில் 'பில்லி தி கிட்' எனப்பட்ட இளைஞனை ஷெரீப் பாட் காரெட் சுட்டுக் கொன்ற கோல்ட் ரிவால்வர், 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஏலத்தில் 60 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அதே நிறுவனம் அதே காலத்தில் அதே வடிவில் செய்த பிற ரிவால்வர்கள் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கின்றன. உருக்கு ஒன்று, மெருகு ஒன்று. எனில் இடையிலுள்ள இலட்சங்கள் எதற்கு விலை? ஓர் இளைஞனின் சாவுக்கே அவ்விலை! 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அழிந்த குதிரைப்படையினர் ஏந்தியது இது என்று வரிசை எண் சான்று தந்தால், அந்த ரிவால்வருக்கும் விலை பன்மடங்கு ஏறுகிறது. கைவினைக்கு ஆயிரம், குருதிக்கறைக்கு இலட்சம் என்று கணக்கிடும் சந்தையில் நின்றுகொண்டு, "நாங்கள் கலையைக் காதலிக்கிறோம்" என்று எவ்வாறு சொல்ல இயலும்?

இந்த ஆசை பிறந்த இடத்தையும் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தயாரிப்பு நின்றுபோன சிங்கிள் ஆக்சன் ஆர்மியை, காலம் கடந்த பொருள் என்றே கோல்ட் நிறுவனம் கைவிட்டிருந்தது. 1950-களில் தொலைக்காட்சியில் குதிரைவீரர் கதைகள் பெருகின. மக்கள் அந்த ரிவால்வரைக் கேட்டனர். 1956-இல் மீண்டும் உற்பத்தி தொடங்கிற்று. .44 மேக்னம் முதலில் வேட்டைக்காரர்களுக்காகவே பேசப்பட்ட கருவி. 1971-இல் வெளிவந்த 'டர்ட்டி ஹாரி' திரைப்படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதனை ஏந்தி நின்ற பின்னர், கடைகளில் அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. சட்டத்தின் தாமதத்தைப் பொறுக்காமல் தானே தீர்ப்பளிக்கும் காவலன் ஒருவனின் கதை அது. வாங்கியோர் உள்ளத்தில் வேட்டை இருந்ததா, அக்காவலனின் அதிகாரம் இருந்ததா? வரலாற்றைச் சேர்க்கிறோம் என்போர் பலர் திரையில் கண்ட கனவையே சேர்க்கின்றனர்.

சொற்களும் இக்கனவுக்குத் துணைபோகின்றன. கோல்ட்டின் அந்த ரிவால்வருக்கு வணிகர் சூட்டிய பெயர் 'பீஸ்மேக்கர்', அதாவது சமாதானம் செய்பவர். மலைப்பொழிவில் பேறுபெற்றோர் என அறிவிக்கப்பட்டோரின் பெயரை எடுத்து, ஆறு குண்டுகள் கொண்ட உருளைக்குச் சூட்டினர்! எதிரே நிற்பவனை மௌனமாக்குவதற்குச் சமாதானம் என்று பெயரா? கல்லறையிலும் அமைதி உண்டு. அதனைச் சமாதானம் என நாம் கொண்டாடுவதில்லை.

"எங்கள் ரிவால்வர்கள் உறங்குகின்றன" என்னும் வாதத்துக்கு வருவோம். 1898-இலோ அதற்கு முன்னோ செய்யப்பட்ட துப்பாக்கியை 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தொல்பொருளாகவே கொள்கிறது. வாங்குபவரின் பின்னணியை விசாரிக்க அச்சட்டம் வற்புறுத்துவதில்லை. ஆனால் அதே .45 கோல்ட் தோட்டாக்கள் இன்றும் உற்பத்தியாகின்றன. தொல்பொருளுக்கு முதுமை உண்டு, தோட்டாவுக்கு இல்லை.

சேகரிப்பாளருள் மிகப்பலர் கவனமுள்ளவர்கள் என்பதை மறுக்கவில்லை. எனினும் ஆபத்து வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர்; அவருள் 26,328 பேர் தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டோர். இவையனைத்தும் பழைய ரிவால்வர்களால் நேர்ந்தவை அல்ல. ஆனால் கலிபோர்னியாவில் நடத்தப்பெற்று 2020-இல் வெளியான பேராய்வு ஒன்று, கைத்துப்பாக்கி உடைய ஆடவர் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, அஃது இல்லாத ஆடவரைக் காட்டிலும் ஏறத்தாழ எட்டு மடங்கு என்று காட்டிற்று. மனம் இருண்ட ஓர் இரவில், பேழைக்குள் இருப்பது கலைப்பொருளா கருவியா என்று வேதனை கேட்டுப் பார்ப்பதில்லை. அவ்வீட்டில் வளரும் மகனுக்கும் இது பொருந்தும்.

அப்படியாயின் எல்லாவற்றையும் உருக்கிவிடலாமா? வேண்டியதில்லை. 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பின்னர், பிரித்தானியா 1997-இல் கைத்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடைசெய்தது. அப்போதும் வரலாற்றை அது அழித்துவிடவில்லை. தோட்டா எளிதில் கிடைக்காத, 1919-க்கு முற்பட்டவற்றைச் சேகரிப்பில் வைக்கலாம். அருமையும் வரலாற்றுச் சிறப்பும் உடைய பிறவற்றை அரசு குறித்த இடங்களில் வைத்துக் காக்கலாம் என்று வழி செய்தது. கலையும் காப்பாற்றப்பட்டது, வீடும் காப்பாற்றப்பட்டது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சிங்கிள் ஆக்சன் ஆர்மியில் அச்சுக்கம்பியை உருவினால் உருளை தனியே வந்துவிடும். எதுவும் சேதமாவதில்லை, மெருகும் குறைவதில்லை. அந்த உருளையை வீட்டுக்கு வெளியே ஒரு வங்கிப் பெட்டகத்தில் வைக்கட்டும். பேழையில் எஞ்சுவது வடிவமும் வண்ணமும் வரலாறும். கலைக்காகவே சேர்த்தவருக்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை. அதற்கு மனம் வராதவர், தாம் இதுநாள்வரை எதைக் காதலித்தார் என்பதைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளட்டும்.