கழரும் துவக்கா, கழராத துவக்கா?

டெக்ஸ் வில்லர் வாசித்து வளர்ந்தவர்களுக்கு வின்செஸ்டரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1985இல் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசத் தொடங்கிய அந்த ரேஞ்சரின் கையில் கிடக்கிற சாமான்தான். விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். ஜோன் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாடல் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது.

இந்தப் பழைய துவக்குகளில் இரண்டு சாதி. ஒண்டில் குழல் உடம்போடு இறுக்கித் திருகப்பட்டிருக்கும், லேசில் கழராது. மற்றதில் குழலுக்குக் கீழே ஓடுகிற தோட்டாக் குழாயைத் திருகி முன்னுக்கு இழுத்து, குழலைக் கால் சுற்றுத் திருப்பினால் துவக்கு இரண்டாகும். ரயிலிலும் வண்டியிலும் வேட்டைக்குப் போன கனவான்கள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகச் செய்தது. அதற்குக் கூடுதல் காசும் கொடுத்தார்கள். குறைவாகச் செய்யப்பட்டதால் இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் கூட விலை கொடுக்கிறார்கள்.

எங்கட வாக்கு கழராததுக்கு. கழற்றிப் பூட்டக் கழற்றிப் பூட்ட மூட்டுத் தேயும், பிறகு குழல் ஆடும். இறுக்கிக்கொள்ளச் சின்னத் திருகாணிகள் வைத்திருக்கிறார்கள்தான். ஆனால் நூறு வருசத்தில் எத்தனை கை அதைத் திருகியிருக்கும், யாருக்குத் தெரியும்? வாங்குகிறவன் முதலில் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, குழலை ஒரு கையிலும் கட்டையை மறுகையிலும் பிடித்து முறுக்கிப் பார்க்கணும். கொஞ்சம் ஆடினாலும் விட்டுவிடலாம்.

மறுபக்கத்துக்கும் ஒரு நல்ல நியாயம் இருக்கு. கழராத துவக்கை வாய்ப்பக்கமாகத்தான் கம்பி விட்டுத் துடைக்க வேண்டும். கவனமில்லாமல் துடைத்தால் குழல்வாய் தேய்ந்து குறி கெடும். கழருவதைப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம். உப்புக்காற்றில் கதவுப் பிணைச்சலே துருப்பிடிக்கிற கல்முனையில் இது சின்ன விசயமில்லை.

சரி, இங்க யார் வின்செஸ்டர் வாங்கப் போறாங்க எண்டு கேட்பீர்கள். யாருமில்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்கட வயல்வெளியிலும் கிடக்கு. வேளாண்மை காக்க லைசன்ஸோடு வைத்திருக்கிற ஒற்றைக் குழல் ஷாட்கன் கழருகிற சாதி. குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்றாகி உரச் சாக்குக்குள் அடங்கிவிடும். ஊரில் கள்ளத்தனமாகச் செய்கிற துவக்குகளில் நீளமான, கழராத சாமானும் உண்டு. ஆக, மறைக்கக் கூடியது கூடாதது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல ஏலாது.

ஆனாலும் எங்கட சார்பு மாறவில்லை. 1990ஐ ஒட்டிய வருசங்களில் ஊர்காவலுக்கு நின்ற வாப்பாமாரின் தோளில் கிடந்ததும் ஷாட்கன்தான். அது எவருடைய தோளில், எந்தச் சந்தியில் என்று ஊருக்குத் தெரியும். பையிலிருந்து வெளியே வருகிற துவக்கை முதலில் காண்பது சுடப்படுகிறவன். இந்தக் கரையில் இரண்டு சமூகத்துக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

வயலுக்கு வருவோம். 1916ஆம் ஆண்டின் சுடுகருவிச் சட்டம் இன்னமும் நடப்பில் இருக்கு, லைசன்ஸை வருசா வருசம் புதுப்பிக்க வேணும். அந்த நேரம் துவக்கை முழுசாகப் பூட்டிக் காட்டச் சொல்லி, மூட்டு ஆடுதா எண்டு ஒரு ஆள் பார்த்தால் என்ன? ஆடுகிற மூட்டோடு இரவில் பரணிலிருந்து சுடுகிறவனுக்கு முதல் ஆபத்து அவன்ட முகத்துக்குத்தான். யானைக்கு அந்த ஷாட்கன் எப்படியும் மருந்தில்லை. சன்னம் பட்டுச் சீழ்பிடித்துச் சாகிறது, அல்லது வெறி பிடித்துத் திரும்புகிறது. நாட்டில் 2023இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் செத்தன, சூடுபட்டவையும் அதில் உண்டு. வனசீவராசிகள் திணைக்களம் தருகிற யானை வெடி, அறுவடைக்கு முந்தின வாரமே கைக்கு வந்தால் பாதித் துவக்கு வீட்டிலேயே கிடக்கும். கழற்றியோ, கழற்றாமலோ.