கெர்னல் செத்தா உடனே ஃபார்மேட்டா?

2011-ல் அரசு கொடுக்க ஆரம்பிச்ச இலவச மடிக்கணினியில விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. டெபியனை வச்சு சென்னை சி-டாக் உருவாக்கினது. எங்க திட்டக்குடி பக்கம் நிறைய பேர் செஞ்ச முதல் வேலை அதை அழிச்சதுதான்!

இப்ப அதே பழைய பொட்டியில லினக்ஸ் சோதனைப் பதிப்பு போடுறவங்களுக்கும் அந்தப் புத்தி போகல. கெர்னல் பேனிக் வந்தா உடனே ஃபார்மேட். தடயமும் சேர்ந்து போச்சு. மக்கா, பழைய கெர்னல் பெரும்பாலும் க்ரப் மெனுவிலேயே இருக்கும், அதுல பூட் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி திரையில வந்ததை போட்டோ எடுத்துக்குங்க.

பில்டு நின்னா எல்லாரும் கடைசி வரியைத்தான் பார்க்குறாங்க. உண்மையான பிழை மேல எங்கயோ கிடக்கும். ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நின்னா முதல்ல ரேமைச் சோதிங்க.

முந்தின பதிப்பு ஓடுச்சா? அப்ப கிட் பைசெக்ட். பாதி பாதியா வெட்டிக்கிட்டே போனா, 1000 மாற்றத்துல எது குற்றவாளின்னு சுமார் 10 பில்டுல தெரிஞ்சிடும். பழைய பொட்டின்னா ரெண்டு ராத்திரி ஆகலாம், கரண்டும் இருக்கணும். ஆனா அந்த மாடல் மடிக்கணினி கெர்னல் எழுதுறவங்க கையில பெரும்பாலும் இருக்காது. நம்மகிட்டதான் இருக்கு.