கறையானும் நமது கூட்டுப் பொறுப்பும்

நூல் விலை, கடன், கொள்முதல் ஆகியவற்றைப் பற்றியே இப்பக்கத்தில் நாம் அடிக்கடி எழுதி வருகிறோம். இம்மாதம் கறையானைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அங்கத்தினர் சிலர் நகைக்கக்கூடும். நமது அங்கத்தினர் ஒருவர் இல்லத்தில் நேர்ந்ததை நேரில் கண்ட பின்னர் எமக்கு நகைப்பு வரவில்லை. பாவு ஏற்றிய நிலையில் அவருடைய குழித்தறியின் கால் முறிந்து விழுந்தது. வெளியே வழவழப்பாக இருந்த அம்மரத்தின் உள்ளே மண்ணே நிறைந்திருந்தது. “நேற்று வரை நன்றாகத்தானே நின்றது!” என்று அவர் திகைத்தார். தறியைப் புதுப்பிக்கும் வரை கூலி நின்றது. பழைய கடன் தீருமுன் புதுக் கடனும் சேர்ந்தது.

நெசவாளர் இல்லத்தைக் கறையான் நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. மரத்திலும் வைக்கோலிலும் காகிதத்திலும் உள்ள செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளே அதன் உணவு. பருத்தி நூலும் பெரும்பாலும் அப்பொருளே. தறிக்கால்களை மண்ணில் ஊன்றுகிறோம். இழை அறாதிருக்கத் தறிக்குழியில் ஈரத்தையும் காக்கிறோம். உணவும் மண்ணும் ஈரமும் ஓரிடத்தில் கூடினால் கறையானுக்கு வேறென்ன வேண்டும்?

இதன் பலவீனத்தையும் நாம் அறிதல் வேண்டும். வேலைக்காரக் கறையானின் உடல் மிக மென்மையானது. உலர்ந்த காற்றில் அது நெடுநேரம் உயிர் வாழாது. ஆகவேதான் மண்ணையும் உமிழ்நீரையும் குழைத்து மூடுவழி கட்டிக்கொண்டு வருகிறது. சுவரிலோ தறிக்காலிலோ காணும் அம்மண்கோடே நமக்கு முதல் எச்சரிக்கை. வீட்டுத் தரையிலிருந்தோ சுவர் வெடிப்பிலிருந்தோ ஈசல் புறப்படுமானால் கறையான் உள்ளேயே குடிகொண்டுவிட்டது என்று கொள்ள வேண்டும்.

மண்கோட்டைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவது பலரது வழக்கம். மருந்தே கூடாது என்பது எமது கருத்தன்று. எனினும் அதன் வரலாற்றை மறத்தலாகாது. ஒரு காலத்தில் கட்டடங்களின் அடிமண்ணில் ஊற்றப்பட்ட ஆல்ட்ரின் நம் நாட்டில் 1996-இல் தடை செய்யப்பட்டது. லிண்டேன் பயன்பாடு 2013-இல் நின்றது. இவை மண்ணில் பல்லாண்டு தங்கி, உயிர்களின் கொழுப்பில் சேர்பவை. பழைய டப்பா எதுவும் பரணில் இருந்தால் அதைத் திறவாதீர்கள். கட்டடங்களைக் கறையானிடமிருந்து காப்பதற்கான இந்தியத் தரநிலை 6313-இன் முதற்பகுதி கட்டுமான முறைகளையே கூறுகிறது. மருந்தைப் பற்றிய பகுதிகள் அதன் பின்னரே வருகின்றன. அவ்வரிசை நமக்கும் பொருந்தும். மருந்திடுவது தவிர்க்க இயலாததாயின், பயிற்சியும் உரிமமும் பெற்றவரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும். கிணறு அருகிலிருப்பின் அதனை முன்னரே அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

முன்னோர் தூணைக் கல்லின்மேல் நிறுத்தினர். வெளிறு நீக்கி வைரம் பாய்ந்த மரத்தையே உத்தரத்துக்கு எடுத்தனர். தறிக்கால்களுக்கும் கல் பாதம் அமைத்தல் நன்று. விறகையும் கழிவு நூலையும் சுவரோடு சேர்த்து அடுக்கலாகாது. ஒழுகும் குழாயையும் சுவர் வெடிப்பையும் உடனே செப்பனிட வேண்டும். பத்திரங்களைத் தரையில் வைத்த மரப்பெட்டியில் பூட்டிவிட்டு நிம்மதியாக இருத்தல் தகாது. செல்லரித்து அழிந்த நம் ஏட்டுச்சுவடிகளுக்குக் கணக்கில்லை.

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். நிலக்கடலைக் காயையும் கரும்புக் கரணையையும் கறையான் கெடுப்பது உண்மை. மக்காத எருவை இடுவது அதற்கு அழைப்பாகும். ஆயினும் சருகையும் தாளையும் மண்ணோடு மண்ணாக்குவதும் அதுவே. ஆதலின் வரப்போரத்துப் புற்றையெல்லாம் இடித்துத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

நமது முக்கியக் கருத்து இதுதான். மண்ணுக்கடியில் இரை தேடிச் செல்லும் கறையான் பட்டா எல்லையைப் பார்ப்பதில்லை. ஒட்டி நிற்கும் வீடுகளுள் ஒரு வீட்டார் மட்டும் விழிப்பாயிருந்து பயனில்லை. ஆகவே, ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் அங்கத்தினர் இருவர் இருவராகத் தெருத்தெருவாகச் சென்று தறிக்கூடங்களைப் பார்வையிட வேண்டும். கல் பாதங்களைச் சங்கமே மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தர வேண்டும். சங்கக் கிடங்கில் நூல் மூட்டைகளும் கணக்கேடுகளும் சுவரை விட்டு விலகி, தரைக்கு மேலே தட்டுகளில் இருக்க வேண்டும். இவற்றை அடுத்த பொதுக்கூட்டத்தின் முடிவுக்கு வைக்க நிர்வாகக் குழுவை வேண்டுகிறோம்.

இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். தறியை நம்பியே சங்கம் கடன் கொடுக்கிறது. தறி விழுந்தால் தவணையும் விழும். அந்த நஷ்டம் ஒருவருடையதாக மட்டும் நின்றுவிடாது, பங்குத்தொகை செலுத்திய அனைவரையும் சாரும்.

தீர்மானம் நிறைவேறும் வரை காத்திராமல், ஒவ்வோர் அங்கத்தினரும் இவ்வாரமே விளக்கொன்றை எடுத்துக்கொண்டு தம் தறிக்குழியினுள் இறங்கி, நான்கு கால்களையும் தட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.