ஓடாத லாரிக்கு வாடகை

சரக்கு இறங்கியதும் பில்லில் நாம் பார்ப்பது இரண்டு. ஒன்று விலை, மற்றொன்று லாரி வாடகை. வந்த வண்டிக்கு வாடகை கொடுப்போம். வராத வண்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டோம். தெருமுனை மளிகைக்கடைக்காரருக்கும் தெரிந்த இந்தக் கணக்கை ஒரு பெரிய நிறுவனம் தெரிந்தே மீறியது. அதன் கதை வணிகர்களாகிய நாம் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டியது.

1990-ல் ஈராக் குவைத்தின் மீது படையெடுத்தது. ஐ.நா. சபை ஈராக்கின் மீது வணிகத் தடை விதித்தது. தடையால் அவதிப்பட்டவர்கள் சாதாரண மக்களே. எனவே 1996 இறுதியில் 'எண்ணெய்க்கு உணவு' என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஈராக் எண்ணெய் விற்கலாம். ஆனால் பணம் ஈராக் அரசின் கைக்குப் போகாமல் ஐ.நா. மேற்பார்வையிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகும். அதிலிருந்து உணவும் மருந்தும் வாங்கப்படும். கோதுமை மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, எண்ணெய் எல்லாம் மாதாமாதம் ரேஷனாக வழங்கப்பட்டன. வழங்கியவர்களில் பலர் நம்மைப் போன்ற தெருக்கடைக்காரர்கள்தாம்.

இந்தத் திட்டத்துக்குப் பெருமளவில் கோதுமை விற்றது ஆஸ்திரேலிய கோதுமை வாரியம். அரசு அமைப்பாக இருந்து, 1999-ல் விவசாயிகளையே பங்குதாரர்களாகக் கொண்ட நிறுவனமாக மாறியது. அந்நாட்டுக் கோதுமையை மொத்தமாக ஏற்றுமதி செய்யும் உரிமையும் அதனிடமே இருந்தது. அந்த 1999-லேயே ஈராக் அரசு புது நிபந்தனை போட்டது. துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குக் கோதுமையைக் கொண்டுபோக, ஜோர்டானிலுள்ள அலியா என்ற நிறுவனத்துக்கு லாரி வாடகை கட்டவேண்டும் என்றது. முதலில் டன்னுக்கு 12 டாலர். பிறகு அது 50 டாலரையும் தாண்டியது.

அலியா நிறுவனம் அந்தக் கோதுமையை ஏற்றிச் செல்லவே இல்லை. தனக்குச் சிறு கமிஷன் எடுத்துக்கொண்டு, மீதியை ஈராக் அரசுக்கு அனுப்பியது. வாரியமோ இந்த 'வாடகை'யைக் கோதுமை விலையோடு சேர்த்து ஐ.நா. கணக்கிலிருந்தே வசூலித்துக்கொண்டது. அதாவது, லஞ்சம் கொடுத்தது நிறுவனம், ஆனால் பணம் ஈராக் மக்களுடையது. அவர்கள் உணவுக்கென்று ஒதுக்கியதிலிருந்து, எந்தச் சதாம் உசேன் அரசின் கையில் பணம் போகக்கூடாது என்று தடை போட்டார்களோ, அதே அரசுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

2000-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கனடா தரப்பிலிருந்து இதுபற்றி ஐ.நா.வுக்குப் புகார் வந்தது. ஐ.நா. ஆஸ்திரேலிய அதிகாரிகளைக் கேட்டது. அவர்கள் நிறுவனத்தைக் கேட்டார்கள். நிறுவனம் 'அப்படி எதுவும் இல்லை' என்றது. விஷயம் அதோடு முடிந்தது. யார் மீது புகாரோ அவரிடமே கேட்டுவிட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள்!

2005-ல் பால் வோல்க்கர் தலைமையிலான விசாரணைக் குழு அறிக்கை வெளியிட்டது. உலகெங்கும் 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்தத் திட்டத்தில் முறைகேடாகப் பணம் கொடுத்ததாக அது கூறியது. பொருள் விற்றவர்களில் அதிகம் கொடுத்தது கோதுமை வாரியம்தான், 22 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். 2006-ல் ஆஸ்திரேலிய அரசின் கோல் விசாரணை ஆணையமும் இதை உறுதிசெய்தது. எது சரி என்ற கேள்வியை அந்த நிறுவனம் எந்த நேரத்திலும் கேட்டுக்கொள்ளவில்லை என்று அந்த ஆணையம் குறிப்பிட்டது.

விளைவு என்ன? 2006-ல் ஈராக் அந்த நிறுவனத்திடம் கோதுமை வாங்குவதை நிறுத்தியது. 2008-ல் ஏகபோக ஏற்றுமதி உரிமை போயிற்று. 2010-ல் நிறுவனமே கனடா நாட்டுக் கம்பெனியின் கைக்குப் போனது. உழைத்து விளைவித்த விவசாயப் பங்குதாரர்கள் நஷ்டப்பட்டார்கள். முன்னாள் தலைவர் ட்ரெவர் ஃப்ளக், விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் விட்டது கடமை தவறியதே என்று 2016-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'எனக்குத் தெரியாது' என்பது முதலாளிக்குப் பாதுகாப்பு ஆகாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

'நாம் கொடுக்காவிட்டால் போட்டிக்காரர் கொடுத்து ஆர்டரை எடுத்துவிடுவார், நம் பிழைப்பு என்ன ஆவது' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சொந்தப் பணத்தைக் கொடுத்து வியாபாரம் பிடிப்பது ஒரு தவறு என்றால், பசித்தவன் பணத்தை எடுத்துக் கொடுத்துப் பிடிப்பது அதைவிடப் பன்மடங்கு பெரிய தவறு. பிறர் பொருளையும் தம் பொருள்போல் கருதி வாணிகம் செய்ய வேண்டும் என்பதை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்ததற்குக் காரணம் இதுவே.

இது எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2018 கஜா புயல் என்று ஒவ்வொரு முறையும் நிவாரண அரிசியும் பருப்பும் பிஸ்கட்டும் வணிகர்களின் கடைகளிலிருந்தும் கிடங்குகளிலிருந்தும் போயின. அப்படிப்பட்ட நேரத்தில் யாராவது வந்து 'பில்லைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்' என்றால் நம் பதில் என்னவாக இருக்க வேண்டும்? கூட்டிப் போடும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் முகாமில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு கிலோ அரிசியாவது குறையும்.

எனவே சங்கத்துக்கு மூன்று யோசனைகள். நிவாரணச் சரக்கின் பில்லில் விலை தனியாகவும், வாடகை வண்டி எண்ணுடன் தனியாகவும் இருக்க வேண்டும். பில்லைக் கூட்டிப் போடச் சொல்பவர்களைப் பற்றி உறுப்பினர்கள் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறுத்ததால் ஆர்டரை இழந்த உறுப்பினருக்காகச் சங்கமே முன்நின்று பேச வேண்டும். இதில் மூன்றாவதுதான் முக்கியம். தனி ஆளாக மறுப்பது கடினம், சங்கமாக மறுப்பது எளிது. அடுத்த செயற்குழுவில் இதைப் பேசி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.