யார் வீட்டு அப்பம்?



இவ்வாரத் தியானம் அடுப்பங்கரையில் தொடங்குகிறது. நம் நாட்டுப்புறங்களில் ரொட்டி என்றாலே நெடுங்காலம் காய்ச்சல்காரரின் உணவுதான். 1965ஆம் ஆண்டு இந்திய அரசு கொழும்புத் திட்டத்தின் உதவியோடு 'மாடர்ன் பேக்கரீஸ்' நிறுவனத்தைத் தொடங்கியபின், காகிதத்தில் சுற்றிய ரொட்டி நகரத்து வீடுகளுக்குப் பழகிப்போயிற்று. இன்று மணவாள நகரில் காலை ஷிப்டுக்கு விரைகிறவர் தேநீரில் பன்னை நனைத்து உண்டுவிட்டே வண்டி ஏறுகிறார். கர்த்தருடைய பந்திக்கான அப்பத்தையும் நாம் சனிக்கிழமை மாலை கடையிலேயே வாங்குகிறோம்.

கடை ரொட்டியைக் குறித்து உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. மாவில் சேர்க்கப்பட்டுவந்த பொட்டாசியம் புரோமேட் 2016ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. நான் சொல்ல விரும்புவது வேறு. ரொட்டி சுடுவது பணக்காரரின் பொழுதுபோக்கல்ல. குறைந்த செலவில் எந்த வீட்டிலும் செய்யக்கூடிய வேலை அது. ஆகையால் நம் பந்தியின் அப்பம் நம் வீடுகளிலிருந்து முறை வைத்து வரவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

'எங்கள் வீட்டில் ஓவன் இல்லையே' என்பீர்கள். எங்கள் வீட்டிலும் இல்லை. அடி கனமான பழைய அலுமினியப் பாத்திரமும் அதற்குப் பொருந்திய மூடியும் போதும். பழைய குக்கரானால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட வேண்டும். புதிய குக்கரைப் பாழாக்க வேண்டாம்; நான்ஸ்டிக் பாத்திரமும் ஆகாது.

மைதா 150 கிராம், கோதுமை மாவு 150 கிராம், உலர் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் ஏறத்தாழ 200 மில்லி: இவ்வளவே தேவை. வெதுவெதுப்பான நீரில் சர்க்கரையையும் ஈஸ்டையும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நுரைத்து வந்தால் ஈஸ்டுக்கு உயிர் உண்டு. நுரைக்காவிட்டால் மாவை வீணாக்காதீர்கள். வேறு ஈஸ்ட் வாங்குங்கள். பின்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். மாவு முதலில் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைச் சேர்ப்பதுதான் தொடக்கக்காரர் செய்யும் முதல் தவறு. பொறுமையாகப் பிசைந்தால் ஒட்டுதல் தானே அடங்கும்.

ஈரத்துணியால் மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இருமடங்காகும். மார்கழியில் சற்றுத் தாமதிக்கும். காற்றை அமுக்கி வெளியேற்றி, உருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைத்து, மறுபடியும் அரைமணி நேரம் விடுங்கள். இதற்கிடையில் பாத்திரத்தின் அடியில் ஒரு விரற்கடை உயரம் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடி, பத்து நிமிடம் மிதமான தீயில் காயவிடுங்கள். அந்த உப்பை எடுத்து வைத்து அடுத்த முறையும் இதற்கே பயன்படுத்தலாம். டின்னை உள்ளே இறக்கி, சிறு தீயில் 40 நிமிடம் சுடுங்கள். அடியைத் தட்டினால் பானையைத் தட்டியதுபோல் ஓசை எழ வேண்டும். மேற்புறம் வெளுத்திருந்தால் கவிழ்த்துத் தோசைக்கல்லில் சில நிமிடம் வாட்டுங்கள். சூடாக இருக்கையில் வெட்டாதீர்கள். ஒரு மணி நேரம் ஆறட்டும்.

ஏறத்தாழ 450 கிராம் ரொட்டி கிடைக்கும். எங்கள் வீட்டுக் கணக்கில் எரிவாயுவையும் சேர்த்து முப்பது ரூபாய்க்குள் அடங்கியது. பெரிய மிச்சம் என்று சொல்லமாட்டேன். இதற்கென்று ஓவன் வாங்குகிறவருக்கு மிச்சமே இல்லை. செலவை இன்னும் குறைக்க ஒரு வழி உண்டு. பிசைந்த மாவில் எலுமிச்சை அளவு எடுத்து, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டொரு நாள் வைத்திருந்து, அடுத்த மாவில் கலந்தால் பாதி ஈஸ்ட் போதும். வேதம் சொல்லும் புளித்த மா என்பதும் இப்படிப் பழைய மாவிலிருந்து எடுத்து வைத்ததுதான். பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பாக ஆண்டவர் காட்டிய அந்தப் பெண் பிசைந்தது தன் வீட்டாருக்கு மட்டுமான மாவன்று. ஒரு தெருவே உண்ணத்தக்க மாவு. இட்லி மாவு பொங்கும் பக்குவத்தை அறிந்த நம் தாய்மாருக்கு இந்தப் பாடம் கடினமானதல்ல.

என் முதல் ரொட்டி செங்கல்லாயிற்று. அவசரத்தில் கொதிநீரை ஊற்றி ஈஸ்டைக் கொன்றுவிட்டேன். மூன்றாவது ரொட்டிதான் உண்ணத்தக்கதாயிற்று. அந்த மகிழ்ச்சியோடு, பந்திக்கு அப்பம் சுடும் முறையைப் பற்றிச் சபையின் மூப்பர்களிடம் பேசினேன். எல்லாரும் நல்லது என்றார்கள். கூட்டம் முடிந்தபின் ஒருவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "போதகரையா, யார் யார் வீட்டில் சுடுவதாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அவர் கேளாமல் கேட்டது எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும். அந்தக் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. சபையின் சமாதானம் குலையக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அது சமாதானமல்ல, பயம் என்று இன்று உங்கள் முன் அறிக்கையிடுகிறேன்.

இது புதிய கேள்வியன்று. 1833ஆம் ஆண்டு கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கலாகாது என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதன்பொருட்டுத் தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் கலக்கம் உண்டாயிற்று. பந்தியில் யார் முன், யார் பின் என்பதே அன்றைய வழக்கு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கேள்வி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, நம் வாசற்படியில் நிற்கிறது.

கடை ரொட்டி இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. அதைப் பிசைந்த கை எந்தத் தெருவின் கை என்று நாம் கேட்பதேயில்லை. முகம் அறியாத கையின் அப்பத்தைத் தயக்கமின்றிப் புசிக்கிற நாம், அருகில் அமர்ந்து பாட்டுப் பாடுகிற சகோதரியின் கை என்றால் தயங்குவோமானால், பிழை அப்பத்தில் இல்லை.

ஐந்து வாற்கோதுமை அப்பங்கள் எந்த அடுப்பில் சுடப்பட்டவை என்று சீஷர்கள் விசாரித்ததாக நாம் வாசிக்கவில்லை. வாற்கோதுமை அக்காலத்தில் ஏழைகளின் தானியம். சாறிபாத்து விதவை தன் கடைசிப் பிடி மாவில் சுட்ட அடையை எலியா தீர்க்கதரிசி உண்டார். அவளோ புறஜாதிப் பெண். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் விசுவாசிகள் தங்கள் வீட்டில் சுட்ட அப்பத்தைப் பந்திக்குக் கொண்டுவரும் வழக்கம் இன்றளவும் உண்டு. நம்மால் ஏன் இயலாது?

ஆகையால் அடுத்த மாதம் முதல் பெயர்ப்பட்டியலின் அகர வரிசைப்படியே அப்பம் சுடும் முறை நடக்கும். வரிசையை மாற்றும்படி யாரும் என்னிடம் கேட்கவேண்டாம். மாவு வாங்கக் கையில் காசில்லாத வீட்டுக்குச் சபையிலிருந்து மாவு போகும். ஆனால் அந்த வீட்டின் முறை தள்ளிப்போகாது. வாடகை அறையில் தங்கி ஆலை வேலை செய்யும் ஒடிசா சகோதரருக்கும் ஒரு வாரம் உண்டு. சப்பாத்தி இட்டுப் பழகிய அவருக்கு மாவைப் பற்றி நான் கற்றுக்கொடுக்க அதிகமில்லை. வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போதகர் இல்லத்தில் செய்து காட்டுகிறோம். ஆண்களும் வாருங்கள், பிசைய வலுவான கைகள் வேண்டும்.

ரொட்டி ஒருபுறம் கருகலாம், ஒருபுறம் சாயலாம். அதுவும் பந்தியில் வைக்கப்படும். கர்த்தர்தாமே நம் மாப்பானைகளையும், பிசையும் கைகளையும், அதைப் பெற்றுக்கொள்ள நீளும் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.