பட்டியல் முடியவில்லை, வாசிப்பு தொடர்கிறது



கோடை விடுமுறை முடியும் தறுவாயில் உள்ளது. அதன் தொடக்கத்தில் நான்கு நூல்களை வாசிக்க நாம் நிய்யத் செய்திருந்தோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ரியாளுஸ் ஸாலிஹீன், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யா உலூமித்தீன், உமறுப் புலவரின் சீறாப்புராணம், தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' ஆகியவை அவை. நாற்பது நாட்கள் கடந்துவிட்டன. முழுமையாக முடிந்தது நாவல் ஒன்றே. ஆயினும் இதனைத் தோல்வியெனக் கருதுவது முறையன்று என்பதே நமது கருத்து.

ரியாளுஸ் ஸாலிஹீனில் ஏறத்தாழ 1,900 ஹதீஸ்கள் உள்ளன. சுப்ஹுக்குப் பின் நாளொன்றுக்கு மூன்று வீதம் வாசித்தால் 21 மாதங்கள் ஆகும். சீறாப்புராணம் 5,027 விருத்தங்களைக் கொண்டது. மஃரிபுக்குப் பின் பத்து வீதம் வாசித்தாலும் 16 மாதங்களுக்கு மேல் செல்லும். நாற்பது நாட்களில் 120 ஹதீஸ்களும் 400 விருத்தங்களும் ஆயின. சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, வாசிப்பை மட்டும் ஓட்டப்பந்தயமாக்குவானேன்?

நாற்பது பகுதிகளைக் கொண்ட இஹ்யாவில், முதற்பகுதியாகிய கிதாபுல் இல்மை மட்டுமே கடந்துள்ளோம். எந்தக் கல்வி பயன் தரும், கற்றவன் அதன்படி நடக்கிறானா என்று வினவும் பகுதி அது. அவ்வினாவுக்கு விடை தேடாமல் பக்கங்களைப் புரட்டிச் செல்வது வாசிப்பாகாது.

மதரஸா ஆசிரியரின் பட்டியலில் நாவலுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இந்நாவல், முன்னோர் பெருமையிலேயே சாய்ந்திருந்து சீரழியும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதை. வீட்டுப் பெண்கள் படும் துயரையும் அது மறைக்கவில்லை. மிம்பரில் சொல்லத் தயங்கும் சில உண்மைகளை நமது சமுதாயம் இத்தகைய நூல்களின் வாயிலாகவேனும் அறிதல் வேண்டும்.

நமது கவலை வேறொன்று. பிள்ளையின் கையில் நூலைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் கைபேசியில் மூழ்கியிருந்தால், வாசிப்பு என்பது சிறுவர்களுக்கான தண்டனை என்றே அப்பிள்ளை விளங்கிக்கொள்ளும். கிஸ்ஸாக்களையும் முனாஜாத்துகளையும் வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்ட தலைமுறை நம்முடையது. இன்று சீறாப்புராணம் பல இல்லங்களில் கண்ணாடி அலமாரிக்கு அழகு சேர்ப்பதோடு நின்றுவிட்டது. உரையின் துணையோடு பத்து விருத்தங்களைக் குடும்பமாக அமர்ந்து வாசிக்க அரைமணி நேரம் போதும். இன்று தொடங்கும் குடும்பம் அடுத்த கோடையில் நூலின் பெரும்பகுதியைக் கடந்திருக்கும்.

உமறுப் புலவரும் தம் காப்பியத்தைப் பெருமானாரின் (ஸல்) வாழ்வு முழுமைக்கும் பாடி நிறைவு செய்யவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பின்னாளில் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்ததால் அப்பணி நிறைவுற்றது. நமது இல்லங்களிலும், நாம் அடையாளம் வைத்து மூடும் பக்கத்தை நாளை நம் பிள்ளைகள் திறக்க வேண்டும். அதற்கு, நாம் வாசிப்பதை அவர்கள் இன்று காண வேண்டும்.

பயனுள்ள கல்வியையும் அதன்படி அமல் செய்யும் தவ்ஃபீக்கையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.