ஆங்கிலன் வீட்டுக்கு இரு பெயர்

"பிறமொழிச் சொற்களை வாரிக்கொண்டதனாலன்றோ ஆங்கிலம் வளர்ந்தது! தமிழும் வாரிக்கொள்ளட்டுமே" என்று அரங்குதொறும் முழங்குவார், அவ் வாரலின் வரலாற்றை ஒருகாலும் எடுத்துரையார். அதனை ஆங்கிலன் குடியிருக்கும் வீட்டிலேயே காணலாம்.

அவன் தாய் கற்பித்த சொற்கள் அவுசு, ஓம் என்பன. இரண்டும் பழைய ஆங்கிலம். பின்னதன் முன்வடிவே பர்மிங்காம், நாட்டிங்காம் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் இன்றும் நிற்கின்றது. ஆயின், அரசுப் படிவம் புகுந்தால் அவன் வீடு 'இரெசிடென்சு' ஆகிவிடுகின்றது. வழக்குமன்றம் புகுந்தால் 'தொமிசைல்' ஆகிவிடுகின்றது. இரண்டும் இலத்தீன வழியின. உழவன் வாழ்வது அவுசு. ஆளுநர் வாழ்வது இரெசிடென்சு! துவெல்லிங்கு, அபோடு என்னும் தாய்மொழிச் சொற்களும் ஏட்டில் உண்டே எனின், உண்டு. அவற்றால் முடிந்த பணிக்கே அயற்சொல் புகுந்தது என்பதற்கு அவையே சான்று.

இது வளர்ச்சியால் வந்ததன்று, தோல்வியால் வந்தது. கி.பி. 1066-இல் நார்மானியர் வென்றபின், அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரஞ்சும் இலத்தீனுமே கோலோச்சின. மக்களுக்குப் பிரஞ்சு விளங்கவில்லையென்று 1362-இல் சட்டம் செய்து ஆங்கிலத்தில் வழக்குரைக்க விட்டனர். ஆவணமோ இலத்தீனிலேயே எழுதப்பட்டது. அவ் விலங்கு 1733-இல்தான் அற்றது. விலங்கின் தழும்பைத்தான் இங்குள்ளார் அணிகலன் என்கின்றனர்.

டார்செட்டுப் பள்ளியாசிரியரும் பாவலருமான வில்லியம் பார்ன்சு (1801-1886) இதனை உணர்ந்தார். இலக்கணத்திற்கும் 'பேச்சுத்திறம்' எனப் பொருள்படும் தூய ஆங்கிலச் சொல் புனைந்து, 1878-இல் அப்பெயரால் நூலே வெளியிட்டார். நகைத்தோர் பலர். ஒரு நூற்றாண்டு கழிந்து, 1979-இல், இலண்டன் நாடாளுமன்றத் திடலில் விளங்காத அரசுப் படிவங்களை மக்கள் காணக் கிழித்தெறிந்து எளிய ஆங்கில இயக்கம் தொடங்கியவர், புலவரல்லர்; இலிவர்ப்பூல் ஏழைக்குடியிற் பிறந்து பதின்அகவை வரை எழுத்தறியாதிருந்த கிறிசி மேகர் என்னும் அம்மையார்!

நுண்பொருள் காட்ட அயற்சொல் வேண்டும் என்பர். சட்டத்தில் தொமிசைல் என்பது வெறுங் குடியிருப்பன்று. ஒருவன் எந்நாட்டுச் சட்டத்திற்கு உரியன் எனக் காட்டும் பிணைப்பு என்பது உண்மையே. அவ் வேறுபாட்டை ஆக்கியது சட்டத்தாரின் தேவையேயன்றி இலத்தீனின் ஒலியன்று. இல், மனை, அகம், உறையுள், குடில் என வகைவகையாய்ப் பெயர் வைத்த தமிழனுக்கு 'வாசத்தலமும்' 'சாகையும்' எற்றுக்கு? 'கிருகப்பிரவேசம்' என்று அழைப்பிதழ் அச்சிட்டவனும், அடுத்த வீட்டாரிடம், "புதுவீட்டுக்குக் குடிபோகிறோம்" என்றன்றோ சொல்கின்றான்!